சட்டி ஓடு போட்ட மாங்காய்க் குழம்பு

ஆசிரியர் பயிற்சிப் பள்ளி விடுதியில் என்னோடு பாய் போட்டுப் படுத்த ஒன்பது பேரும் வருகிற பங்குனியில் மாமல்லபுரம் வருகிறீர்களாம். அதில் ஐந்து பேர் சுத்த சைவம். "நீ அந்த ஊர்க்காரிதானே, சைவத்தில் என்னென்ன நன்றாக இருக்கும், ஒரு பட்டியல் போட்டு அனுப்பு" என்று குழுவில் செய்தி போட்டிருக்கிறீர்கள். மீனவக் குப்பத்தில் பிறந்தவளிடம் சைவப் பட்டியல் கேட்கிற துணிச்சல் உங்களுக்குத்தான் வரும். அறுபது வயதாகியும் குறும்பு அடங்கவில்லை.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். கடற்கரையில் சாயங்காலம் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல். நின்றபடியே தின்னுங்கள், உட்கார்ந்தால் பாதி மணல்தான் வாய்க்குள் போகும். வெயில் ஏறுவதற்கு முன்னால் சாலையோரத்தில் நுங்கு. இளசாகக் கேளுங்கள். நீங்கள் வெளியூர் என்று தெரிந்தால் முற்றலைத் தள்ளிவிடுவார்கள். திருப்போரூர் போனால் கோயில் புளியோதரையை விடாதீர்கள். செங்கல்பட்டில் ரயிலை விட்டு இறங்கியதும் வெளியே மசால் வடை கிடைக்கும், சூடாக இல்லையென்றால் நகர்ந்துவிடுங்கள். பஸ்ஸில் யாராவது வேகவைத்த வேர்க்கடலை விற்றால் இரண்டு பொட்டலமாக வாங்குங்கள், ஒன்று போதாது.

இதில் முக்கால்வாசியை நான் ஒன்பது வயதில் ஒரே கோடையில் தின்று பார்த்தேன். ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் அப்பா வாயைத் திறந்து ஏதாவது ஒன்றைச் சாப்பிட வேண்டும், அது எது என்று கண்டுபிடிக்கத்தான் தின்றேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விடுதியில் மாங்காய்க் குழம்பு வைக்கிற நாளில் நான் தட்டைப் பார்த்து அழுவேன், ஞாபகம் இருக்கிறதா? "மீனுக்கு ஏங்கி அழுவுதுடி அது" என்று இரண்டு வருடம் சிரித்தீர்கள். நானும் மறுக்கவில்லை. மீனுக்காக இல்லை. எதற்காக என்று இப்போது சொல்கிறேன்.

எங்கள் குப்பத்தில் அப்பாவை நைனா என்போம். கல்பாக்கத்தில் பெரிய பெரிய கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த எழுபதுகளில், ஒரு சித்திரை மாதம், நைனா கட்டுமரத்தைக் கரையேற்றிவிட்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். கூட வந்தவர்கள் கண்ணைப் பிரித்துப் பார்த்தார்கள். மஞ்சள். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிப் பத்து நாள் கொடுத்தார்கள். மஞ்சள் கண்ணிலிருந்து நகத்துக்கும் இறங்கிய பிறகுதான் செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நைனா வண்டியில் ஏறும்போது சிரித்துக்கொண்டே, "காமாலக்காரனுக்குப் பாக்கறதெல்லாம் மஞ்சளாத் தெரியுமாம். எனக்கு ஒங்கம்மா எப்பவும் போலத்தான் கீறா" என்றார். அம்மா சிரிக்கவில்லை.

அன்றைக்கே அம்மா திருப்போரூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். நைனா பிழைத்து எழுந்து தன் காலால் நடந்து கோயிலுக்கு வந்து மொட்டை போடுகிற வரைக்கும் எங்கள் வீட்டில் ஒருவர் வாயிலும் மீன் படாது. மீன் விற்றுத்தான் பிழைப்பு. விடிகாலையில் கூடை சுமந்து திருக்கழுக்குன்றம் சந்தைக்குப் போவாள். கை முழுக்கச் செதிலோடு திரும்பி வந்து, குளித்துவிட்டுக் கஞ்சியில் உப்பைப் போட்டுக் குடிப்பாள். அப்படி ஒரு விரதம் மீன்காரியின் வீட்டில் இருந்தால்தான் அதன் கனம் தெரியும்.

விரதம் தொடங்கிய அன்று எங்கள் மீன் சட்டியை எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வீட்டின் பின்பக்கம் வேலியோரம் கவிழ்த்து வைத்தாள். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். விரதச் சமையலுக்குப் புதுச் சட்டி, மீன் சட்டிக்கு ஓய்வு. அந்தச் சட்டி அம்மா கல்யாணமாகி வந்த வருடம் திருக்கழுக்குன்றத்துத் தேர்த் திருவிழாவில் வாங்கியது. அகல வாய், கறுத்த அடி, ஒரு பக்கம் விளிம்பில் சின்ன மூளி. தினமும் மீன் கொதித்துக் கொதித்து மண்ணுக்குள்ளேயே வாசனை இறங்கியிருந்தது. எத்தனை சாம்பல் போட்டாலும் வெயில் பட்டால் அது மணக்கும். பூனை வந்து அந்தக் கவிழ்த்த சட்டியைச் சுற்றிச் சுற்றி வரும்.

பள்ளிக்கூடம் லீவு. நைனாவுக்குச் சாப்பாடு எடுத்துப்போக ஆள் வேண்டும் என்று என்னைச் செங்கல்பட்டில் அத்தை வீட்டில் விட்டார்கள். அத்தை நைனாவின் அக்கா. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற தெருவில் ஒரு சைவ மெஸ்ஸில் மாவாட்டிக்கொண்டிருந்தாள். மெஸ்ஸுக்குப் பின்னால் ஓர் அறையில் குடியிருப்பு. அந்த மெஸ்காரம்மா நல்ல சதைப்பிடிப்பான பெண்மணி, மூக்கின் இரண்டு பக்கமும் பேசரி. என்னைப் பார்த்ததும், "மீன் துன்ன பொண்ணா? எங்கூட்டு சோறு எறங்குமா பாப்பம்" என்று ஒரு இலையைப் போட்டார். வாழைக்காய்ப் பொரியலும் வத்தக்குழம்பும். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தது இன்னும் கண்ணில் இருக்கிறது.

நைனாவுக்குத்தான் இறங்கவில்லை. டாக்டர் எண்ணெய், மீன், கறி, காரம் எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தார். ஆஸ்பத்திரியில் பாலும் ரொட்டியும் கொடுத்தார்கள். நைனா பாலைக் குடித்துவிட்டு ரொட்டியைத் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவார். ஒரு வாரத்தில் தோள் எலும்பு தெரிந்தது. வலை இழுத்த கை, என் கையால் பிடித்தால் பிடிபடுகிற அளவுக்கு ஆனது. நர்ஸம்மா அத்தையைத் தனியாக அழைத்துச் சொன்னார். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "மருந்து பாதிதாம்மா. வயிறு நெறைய சாப்பிட்டாத்தான் தேறுவாரு. இப்பிடியே போனா எங்க கையில இல்ல."

அதற்கப்புறம் எனக்கு வேறு வேலையே இல்லை. மெஸ்ஸில் அன்றன்றைக்கு என்ன செய்தாலும் முதல் கரண்டி எனக்கு. மென்று பார்ப்பேன், நைனாவின் நாக்கு இதை ஏற்குமா என்று யோசிப்பேன், பிறகு தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு ஓடுவேன். இட்லி கொண்டுபோனேன். "பஞ்சு மாதிரி கீது கண்ணு. பஞ்சத் துன்ன முடியுமா?" என்றார். இடியாப்பம் கொண்டுபோனேன். "வலை சிக்கல் போட்டா மாதிரி கீது, எனக்கு வேலைதான் ஞாபகம் வருது" என்றார். சுரைக்காய்க் கூட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டார். வாழைத்தண்டைத் தயிரில் போட்ட பச்சடியை மட்டும் இரண்டு வாய் வாங்கினார், அதுவும் என் முகத்துக்காக.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. எனக்கு எல்லாமே பிடித்தது. பருப்புத் துவையலோடு சுடுசோறு, பூண்டு தட்டிப்போட்ட மிளகு ரசம், வாழைப்பூ வடை, கடைசியில் அடி பிடித்த சர்க்கரைப் பொங்கலைச் சுரண்டித் தருவார்கள், அது. நைனா இளைக்க இளைக்க என் கன்னம் உப்பியது. வார்டில் அடுத்த கட்டில் தாத்தா ஒருவர், "அப்பன் கெடக்கறான், பொண்ணு ஊருல இருக்கறதெல்லாம் துன்னுகினு கீது" என்று தன் மகனிடம் சொன்னார். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னார். அன்றைக்கு மத்தியானம் சாப்பிடாமல் இருந்தேன். சாயங்காலம் பசி தாங்காமல் ரயில் நிலையத்து மசால் வடையைத் தின்றுகொண்டே அழுதேன். அந்த வடை மிகவும் நன்றாக இருந்தது, அதுதான் கஷ்டம்.

ஒருநாள் நைனா என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "கண்ணு, ஒங்கம்மாவுக்குத் தெரிய வாணாம். நெத்திலி ஒரு நாலு போட்டு கொளம்பு வெக்கச் சொல்லு அத்தைகிட்ட. நாலுதான். சோறு தானா எறங்கும்."

ஒன்பது வயதுக்காரிக்கு அது எப்பேர்ப்பட்ட பாரம் என்று யோசித்துப் பாருங்கள். மீன் போட்டால் முருகன் கோபித்துக்கொள்வார், நைனா செத்துப்போவார். போடாவிட்டால் நைனா சாப்பிடமாட்டார், செத்துப்போவார். அத்தையிடம் போய் அப்படியே சொன்னேன். அத்தை உரலை விட்டுக் கையை எடுக்காமல், "மீனு கெடையாது. டாக்டரும் வாணான்றாரு, ஒங்கம்மாவும் வேண்டிகினு கீறா. ரெண்டு பேரையும் நான் மீறமாட்டேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "மாங்கா கொளம்பு வெச்சுப் பாக்கறேன். நம்ம பக்குவத்துல" என்றாள்.

எங்கள் பக்குவம் என்றால், மீன் குழம்புக்குப் போடுகிற அதே புளி, அதே சின்ன வெங்காயம், அதே மல்லி. கத்தரிக்காய் இரண்டு, கடைசியில் புளிப்பு மாங்காயைக் கொட்டையோடு வெட்டிப் போடுவார்கள். மீன் மட்டும்தான் பாக்கி. மிளகாயைப் பேருக்குக் காட்டி, எண்ணெயைச் சுத்தமாக விட்டுவிட்டு அத்தை அதை மெஸ்ஸின் ஈயம் பூசிய பாத்திரத்தில் வைத்தாள். நைனா வாயில் போட்டார். இரண்டாவது வாயும் போட்டார். அதோடு தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"எல்லாம் சரியாத்தான் கீது" என்றார். "சட்டி வாசனதான் இல்ல."

அவர் குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னார். ஆனால் எனக்கு அதில் வழி தெரிந்துவிட்டது. ஓடிவந்து அத்தையிடம் சொன்னேன். அவளும் ஒரு நிமிஷம் யோசித்தாள். "சட்டியில மீனு இல்லியே, கழுவின சட்டிதானே. அம்மாகிட்ட கேட்டுட்டு எடுத்துகினு வா. கேக்காம எடுக்காத" என்றாள். மறுநாள் சனிக்கிழமை, கடற்கரைக்குப் போகிற பஸ்ஸில் தெரிந்த கண்டக்டரிடம் ஒப்படைத்து ஏற்றிவிட்டாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டுப் படல் கட்டியிருந்தது. அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். காத்திருந்திருக்கலாம். காத்திருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம். வேலியோரம் போய்ச் சட்டியை நிமிர்த்தினேன். உள்ளே ஒரு மரவட்டை சுருண்டு கிடந்தது. தட்டிவிட்டு, படலை அவிழ்த்து வீட்டுக்குள் கிடந்த நைனாவின் பழைய துண்டை எடுத்துச் சட்டியைச் சுற்றிக்கொண்டு அதே பஸ் திரும்பும்போது ஏறிவிட்டேன்.

மடியில் வைத்திருந்தேன். வெயிலில் சட்டி மணக்கத் தொடங்கியது. முன்சீட்டில் பட்டு வேட்டிக்காரர் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "யாரோ மீன் ஏத்திட்டாங்கப்பா" என்று கத்தினார். கண்டக்டர் என்னிடம் வந்தார். "இன்னா பாப்பா, சட்டியில இன்னா கீது?"

"ஒண்ணும் இல்லண்ணா. வெறும் சட்டி."

துண்டை விலக்கி உள்ளே பார்த்தார். விரலை விட்டுத் துழாவினார். "காலியா கீதுங்க" என்று அவரிடம் காட்டினார். திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றபோது உச்சி வேளை. மலைமேல் கழுகுக்குச் சோறு வைக்கிற நேரம், தெருவில் ஜனங்கள் எல்லாம் அண்ணாந்து நின்றார்கள். கண்டக்டர் என் பக்கம் குனிந்து, "கழுகே சக்கரப் பொங்கல் துன்னுட்டுப் போவுது, ஒங்க நைனா துன்னமாட்டாரா, துன்னுவாரு" என்றார். அத்தை அவரிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாள் போல. அந்த மனிதரின் முகம் மறந்துவிட்டது. காக்கிச் சட்டைப் பையில் மைக் கறை இருந்தது மட்டும் நினைவு. எங்கேயிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

"அம்மா குட்துச்சா?" என்று செங்கல்பட்டில் சட்டியை வாங்கிக்கொண்டே அத்தை கேட்டாள்.

"குட்துச்சு" என்றேன்.

அந்தப் பொய்க்குப் பிறகு நடந்ததை நான் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸின் பின்கட்டு அடுப்பில் அத்தை அந்தச் சட்டியில் மாங்காய்க் குழம்பு வைத்தாள். கொதி வந்ததும் மெஸ்காரம்மா உள்ளேயிருந்து ஓடிவந்தார். "என்னாடி இது, எங்கூட்டுல மீனா?" அத்தை கரண்டியால் கிண்டிக் காட்டினாள். கத்தரிக்காய், மாங்காய், அவ்வளவுதான். அந்த அம்மாள் சைவத்திலேயே பிறந்து வளர்ந்தவர். சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சீக்கிரம் எறக்கி எடுத்துகினு போங்க, சாப்பிட வர்றவன் நம்பமாட்டான்" என்று சொல்லிவிட்டு, நாலு ஊதுவத்தியைக் கொளுத்தி வாசலில் செருகினார். வேறொருவராக இருந்தால் எங்களையும் சட்டியோடு சேர்த்து வெளியே வைத்திருப்பார்.

தூக்குவாளிக்கு மாற்றினால் வாசனை போய்விடும் என்று சட்டியையே எடுத்துப் போனோம். நர்ஸம்மா மூடியைத் திறந்து பார்த்து, "எண்ணெய் மெதக்கல. மீனும் இல்ல. குடுங்க" என்றார். நைனா முதல் வாயிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் பிசைந்த சோறு முழுவதையும் சாப்பிட்டார். சட்டியைத் தன் பக்கம் இழுத்து, ஒட்டியிருந்ததை விரலால் வழித்தார். அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். திங்கட்கிழமையும் அப்படியே. அடுத்த கட்டில் தாத்தா அன்றைக்கு என்னிடம் ஒரு சாத்துக்குடி கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை அம்மா வந்தாள். வாரம் ஒருமுறை, சந்தையை விட்டுவிட்டு, குளித்து நெற்றி நிறைய விபூதியோடு வருவாள். வார்டுக்குள் நுழையும்போதே நின்றுவிட்டாள். அவள் மீன்காரி, அவள் மூக்கை ஏமாற்ற முடியாது. நேராகக் கட்டிலுக்கு வந்தாள். நைனா சாப்பிட்டு முடித்திருந்தார். கீழே, நைனாவின் துண்டு சுற்றியபடி சட்டி. மூன்று நாளாக யார் திருடினார்கள் என்று குப்பம் முழுக்க விசாரித்துக்கொண்டிருந்த தன் மீன் சட்டி, குழம்போடு அங்கே இருந்தது.

"யாரு எட்தாந்தது?" என்றாள்.

நான் அத்தையின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன். அத்தை என்னைப் பார்த்தாள். நான் பொய் சொல்லியிருக்கிறேன் என்று அந்தப் பார்வையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. "நாந்தான் எடுத்தாரச் சொன்னேன்" என்றாள்.

"அண்ணி, ஒங்க தம்பிக்கு மீனு குட்து ஒரேயடியா அனுப்பி வெக்கப் பாக்கறீங்களா? நான் வயித்தக் கட்டிகினு கெடக்கறேன். என் தலையில மண்ண வாரிப் போட்டுட்டீங்களே." சட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு வெளியே போனாள். வாசல் படிக்கட்டுக்குக் கீழே கருங்கல் தரை. ஓங்கிப் போட்டாள். அந்தச் சத்தத்துக்கு மரத்திலிருந்த காக்கை எல்லாம் எழும்பியது.

அத்தை அப்போதும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நான் அவளுடைய புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நைனா எழுந்து வந்தார். ஆஸ்பத்திரிக்கு வந்து அவர் தானாக எழுந்து அத்தனை தூரம் நடந்தது அதுதான் முதல் முறை. சுவரைப் பிடித்துக்கொண்டு படிக்கு வந்து நின்று, "அதுல மீனே இல்லமே. சட்டி மட்டுந்தான். மூணு நாளா நான் துன்னது வெறும் மாங்கா" என்றார்.

அம்மா அவரைப் பார்த்தாள். அவர் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தாள். பிறகு கீழே உட்கார்ந்து உடைந்த ஓடு ஒன்றை எடுத்தாள். அதில் குழம்பு ஒட்டியிருந்தது. முகர்ந்தாள். சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். மீன் இருக்கிறதா இல்லையா என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன. சிதறிக் கிடந்த ஓடுகளைக் கைக்கு எட்டியவரை தன் பக்கம் கூட்டினாள்.

"உப்பு கம்மியா கீது" என்றாள் கடைசியில்.

எங்கள் அம்மா வாயிலிருந்து மன்னிப்பு என்று ஒன்று வந்ததை அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்டதில்லை. அது ஒன்றுதான். அத்தைக்கும் புரிந்தது. "டாக்டர் கம்மியாப் போடச் சொன்னாரு" என்று பதில் சொல்லிவிட்டு, அவளும் பக்கத்தில் உட்கார்ந்து ஓடுகளைப் பொறுக்கத் தொடங்கினாள். இரண்டு பேரும் குழாயடியில் கழுவினார்கள். அம்மா எல்லாவற்றையும் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அன்று அம்மா ஊருக்குத் திரும்பவில்லை. மறுநாள் காலை மெஸ் பின்கட்டில் அவளே அடுப்பு மூட்டினாள். கடைத்தெருவில் வாங்கிய புதுச் சட்டி. புளி கரைத்து ஊற்றினாள், மாங்காய் போட்டாள். கொதி வந்ததும் முந்தானையைப் பிரித்து, உள்ளங்கை அளவு ஓடு ஒன்றை எடுத்து, மீன் துண்டத்தைப் போடுகிற மாதிரியே, நோகாமல், குழம்புக்குள் விட்டாள். இரண்டு, மூன்று. மூடி வைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவைப் பார்த்தேன், அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. புகைதான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

நைனா தட்டில் ஓடு விழுந்தது. எடுத்துப் பார்த்தார். வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு, முள்ளை வைக்கிற மாதிரி தட்டின் ஓரமாக வைத்தார். சோறு முழுக்கச் சாப்பிட்டார். இன்னொரு நாள் நர்ஸம்மா அதைப் பார்த்துவிட்டு, "என்னங்க இது?" என்று கேட்க, நைனா முகத்தை மாற்றிக்கொள்ளாமல், "தலைப் பக்கம் சிஸ்டர்" என்றார். வார்டே சிரித்தது. மூன்று வாரம் அந்த ஓட்டுக் குழம்புதான். மஞ்சள் நகத்தை விட்டது, கண்ணை விட்டது. வைகாசி முடிவதற்குள் நைனா வீட்டுக்கு வந்துவிட்டார்.

திருப்போரூரில் மொட்டை போட்ட அன்று அம்மா சன்னிதியில் நின்று, சட்டி போனது, வந்தது, உடைந்தது, ஓடு போட்டது எல்லாவற்றையும் முருகனிடம் வாய்விட்டு ஒப்பித்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் தள்ளினார்கள், அவள் முடிக்காமல் நகரவில்லை. குற்றம் இருந்தால் அதற்கும் சேர்த்து, இனிமேல் கிருத்திகை தோறும் எங்கள் வீட்டில் மீன் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். அதன்படிதான் கடைசி வரை இருந்தாள். கிருத்திகைக்குக் கிருத்திகை மாங்காய்க் குழம்பு, மாங்காய் கிடைக்காத மாதத்தில் வெறும் கத்தரிக்காய், உள்ளே ஓடு. அத்தை இருந்த வரைக்கும் மாதம் தவறாமல் எங்கள் வீட்டிலிருந்து செங்கல்பட்டுக்குக் கருவாடு போனது. எல்லாவற்றிலும் நல்லதாகப் பொறுக்கி அம்மாவே கட்டுவாள்.

நான் பல வருடம் அம்மாவின் மேல் ஒரு கோபத்தை வைத்திருந்தேன். நைனாவைவிட அவளுக்கு முருகன்தான் பெரிது, அதனால்தான் கேட்காமல் உடைத்தாள் என்று. விடுதியில் மாங்காய்க் குழம்பைப் பார்த்து நான் அழுதது பாதி அந்தக் கோபம், மீதி அந்தப் பொய். எனக்கே கல்யாணமாகி, என் வீட்டுக்காரர் ஒருமுறை ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் தெரிந்தது. அம்மா கையில் அப்போது வேறு ஒன்றுமே இல்லை. மருந்து டாக்டர் கையில், சோறு நாத்தனார் கையில். அவள் கையில் இருந்தது அந்த விரதம் ஒன்றுதான். அதையும் யாரோ கலைத்துவிட்டார்கள் என்று நினைத்தாள். நானாக இருந்தால் சட்டியோடு நிறுத்தியிருக்க மாட்டேன்.

பொய்யை நான் ஒப்புக்கொண்டது அத்தை போன பிறகுதான். அம்மா மீன் அரிந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல், "தெரியும்" என்றாள். "சட்டியச் சுத்தியிருந்தது ஒங்க நைனா துண்டு. அது வூட்டுக்குள்ள கெடந்ததுன்னு அண்ணிக்கு எப்பிடித் தெரியும்?" அத்தனை வருடம் அவளும் சொல்லவில்லை, அத்தையும் சொல்லவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் காப்பாற்றியிருக்கிறார்கள். நைனா அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் இருந்தார், கடலுக்குப் போனார், என் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கரையில் நடந்தார். ஒரு மனிதருக்கு அத்தனை வருடம் சும்மா கிடைத்துவிடவில்லை. மாவாட்டிய கை, ஊதுவத்தி கொளுத்திய கை, காலிச் சட்டிக்குள் விரல் விட்டுப் பார்த்த கை, எல்லாம் சேர்ந்து கொடுத்தது. இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது, வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஆகவே தோழிகளே, பட்டியலில் கடைசியாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பாடு. மாங்காய்க் குழம்பு. ஓடுகள் ஒவ்வொன்றாக உடைந்தும் தொலைந்தும் போய், இப்போது என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது, மூளி விழுந்த விளிம்புத் துண்டு. பத்துப் பன்னிரண்டு வருடம் மீனில் வெந்தது. அதற்குப் பின் ஐம்பது வருடத்துக்கு நெருக்கி மாங்காயிலும் கத்தரிக்காயிலும் மட்டுமே வெந்திருக்கிறது. அதைச் சைவத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று நீங்கள் ஐவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். வேண்டாம் என்பவர்களுக்குத் தனிச் சட்டியில், ஓடில்லாமல், அதே கையால் வைத்துத் தருகிறேன். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டேன்.

வேண்டும் என்பவர்களில் யார் இலையில் அது விழுகிறதோ, கடித்துவிடாதீர்கள், நமக்குப் பல்லும் அவ்வளவு பலம் இல்லை. ஒருமுறை உறிஞ்சிவிட்டு ஓரமாக வையுங்கள். இலையோடு எறிந்துவிடாமல் நான் வந்து எடுத்துக் கழுவி வைத்துக்கொள்கிறேன்.